அமிகா காலத்துல ட்ராக்கர்ல பாட்டு போட்டு வளந்தவங்க இருக்கீங்களா? சில கேள்விகள்

இரவுமெட்டு எழுதியது:

வணக்கம் மக்களே. நான் லேப்டாப்ல பாட்டு போடுற ஆளு, இதுவரைக்கும் எஃப்எல் ஸ்டுடியோ தவிர வேற எதையும் தொட்டதில்லை. கொஞ்ச நாள் முன்னாடி பழைய டெமோ (கம்ப்யூட்டர் அப்பப்பவே ஓட்டி காட்டுற படமும் பாட்டும் சேந்த புரோக்ராம்) வீடியோ ஒண்ணு பாத்தேன், ஃபின்லாந்து பசங்க ஃப்யூச்சர் க்ரூ 1993 அசெம்பிளிங்கற டெமோ போட்டி பார்ட்டில முதல் பரிசு வாங்கின செகண்ட் ரியாலிட்டி. திரையில நடக்குறதெல்லாம் அந்த காலத்து பிசிக்கு பெரிய விஷயம்தான், ஆனா எனக்கு அதோட மியூசிக்தான் மண்டைக்குள்ளயே உக்காந்துருச்சு. பர்ப்பிள் மோஷன், ஸ்கேவன்னு ரெண்டு பேர் பண்ணது. அதுல பர்ப்பிள் மோஷனுக்கு அப்ப இருபது வயசு கூட ஆகலையாம்.

அப்புறம் அந்த காலத்து மோடு ஃபைல் (அமிகாங்கற பழைய வீட்டு கம்ப்யூட்டர்ல, ட்ராக்கர்னு சொல்ற மியூசிக் சாஃப்ட்வேர்ல போட்ட பாட்டு) கொஞ்சம் இறக்கி ஓப்பன்எம்பிடிங்கற ட்ராக்கர்ல திறந்து பாத்தேன். பியானோ ரோல் இல்லை, மிக்சர் இல்லை, மேலேருந்து கீழ எழுத்தும் நம்பருமா ஓடிட்டே இருக்கு, நாலே நாலு காலம், ஒவ்வொண்ணும் ஒரு சேனல், ஆனா அதுக்குள்ளேருந்து ட்ரம்ஸ், பேஸ், கார்டு, மெலடி, அந்த மெலடிக்கு எக்கோ வேற கேக்குது. மொத்த பாட்டோட சைஸ் நான் ஒரே ஒரு கிக் சாம்பிளுக்கு செலவு பண்றத விட கம்மி.

இங்க வயசுல மூத்தவங்க, வெளிநாட்டுல வளந்தவங்க நிறைய பேர் இருக்கீங்கன்னு தெரியும், அதனாலதான் கேக்குறேன். இந்த பசங்களுக்கு இதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தா? சங்கீதம் படிச்சவங்களா, இல்ல புரோக்ராம் எழுதுறவங்களா? நாலு சேனல்ல எப்படி இவ்வளவு அடங்குச்சு? அப்புறம், இன்னைக்கு உக்காந்து இத கத்துக்கிறதுல எனக்கு ஏதாவது கிடைக்குமா இல்ல பழசு மேல இருக்குற ஆசை மட்டும்தானா?

வடக்குக்காற்று எழுதியது:

தம்பி, நான் நோர்வேயில வளந்த ஆள். எண்பதுகளின்ட கடைசியில குடும்பத்தோட இஞ்ச வந்தனாங்கள், அப்ப நான் சின்னப் பெடியன். நீங்கள் கேட்ட காலத்துக்குள்ள தான் வளந்தனான், அதால நீளமா எழுதப்போறன், பொறுமையா வாசியுங்கோ.

ஆர் சொல்லித்தந்தது எண்டு கேட்டீங்கள். மோடு ஃபைல் தான் சொல்லித்தந்தது. இதை முதல் விளங்கிக்கொண்டா மிச்சம் எல்லாம் தானா விளங்கும். ஒரு கசெற் வாங்கினா பாட்டைக் கேக்கலாம், அவ்வளவு தான், உள்ளுக்க என்ன நடக்குது எண்டு ஒருத்தரும் காட்டமாட்டினம். மோடு அப்பிடி இல்லை. சுவீடனில ஆரோ ஒரு பெடியன் போட்ட பாட்டு கை மாறி கை மாறி எங்கட டிஸ்கெற்றுக்கு வந்து சேரும், அதைப் புரோட்றாக்கர் எண்ட ட்றாக்கரில திறந்தா அவன் எந்த வரியில என்ன நோட் வச்சவன், அதுக்கு என்ன கொமாண்ட் குடுத்தவன், பேஸ் சத்தத்தை எங்க வெட்டி எங்க லூப் போட்டவன் எண்டு எல்லாம் கண்ணுக்கு முன்னால கிடக்கும். மூண்டு சனலை நிப்பாட்டிப்போட்டு நாலாவதை மட்டும் திருப்பித் திருப்பிக் கேக்கலாம். ஒரு கொமாண்டை அழிச்சுப்போட்டு, அது இல்லாட்டி பாட்டு எப்பிடி இருக்கும் எண்டு பாக்கலாம். எனக்குப் பிடிச்ச பாட்டு ஒவ்வொண்டையும் இப்பிடி பிரிச்சுப் பிரிச்சுத் தான் நான் கத்தது, என்னோட இருந்த பெடியளும் அப்பிடித்தான். இதுக்கு மேல ஒரு வாத்தியார் தேவைப்படேல்லை.

வீட்டில எங்களிட்ட கொம்பியூட்டர் இருக்கேல்லை, வகுப்பில என்னோட படிச்ச பெடியன்ர தமையனிட்ட அமிகா 500 இருந்தது, ரீவியில கொழுவி வச்சிருந்தவர். கீபோட்டில கீழ் வரிசை வெள்ளைக் கட்டை, அதுக்கு மேல உள்ள வரிசை கறுப்புக் கட்டை, இன்னும் மேல போனா அடுத்த ஒக்டேவ். அதில தட்டித் தட்டித்தான் சுரம் பிடிபட்டது. நோட் வாசிக்க எங்களில ஒருத்தருக்கும் தெரியாது. 0 கொமாண்டுக்குப் பிறகு 37 போட்டா சோகமான கோர்ட் வரும், 47 போட்டா சந்தோசமான கோர்ட் வரும், இது கைக்கு வந்து கன காலத்துக்குப் பிறகு தான் பள்ளிக்கூட மியூசிக் வகுப்பில இதுக்கு மைனர், மேஜர் எண்டு பேர் இருக்குது எண்டே தெரியவந்தது. நம்பரா முதல் தெரிஞ்சதால எனக்கு அது இண்டைக்கும் மூண்டு, ஏழு, நாலு, ஏழு எண்டு தான் மனசில ஓடும், அது ஒரு நல்ல அத்திவாரம் எண்டு தான் நான் நினைக்கிறன்.

சாம்பிள் பேர் எழுதிற இடம் எண்டு ஒண்டு இருக்குது கவனிச்சிருப்பீங்கள், 31 வரி, வரிக்கு 22 எழுத்து. சாம்பிளுக்குப் பேர் வைக்கிறதுக்குத் தான் அது, ஆனா ஒருத்தரும் அதுக்குப் பாவிக்கிறேல்லை. அதில கடிதம் எழுதுவினம். இந்தப் பாட்டை எந்த இரவில போட்டது, ஆருக்கு வணக்கம், ஆரின்ட பாட்டைக் கேட்டு இந்த ஐடியா வந்தது, டிஸ்கெற் மாத்த விருப்பம் எண்டா எழுதுங்கோ எண்டு முழு விலாசமும் கிடக்கும். முன்பின் தெரியாத ஒருத்தன்ர கடிதம் பாட்டுக்குள்ளயே வருது எண்டா அந்த வயசில அது எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. நான் அப்ப நோர்வேஜியனையே தட்டுத்தடுமாறிக் கதைக்கிற பெடியன், ஆனா ட்றாக்கரில நான் வச்ச வரியை ஜேர்மனியில இருக்கிறவன் அப்பிடியே வாசிப்பான், அதுக்குப் பாசை ஒண்டும் வேண்டாம்.

தபாலில டிஸ்கெற் மாத்திற ஆக்களை சுவாப்பர் எண்டு சொல்லுவினம், டெமோ செய்யிற குழுவுக்குள்ள கோடர், கிராபிக்ஸ் கீறுறவன், மியூசிசியன் மாதிரி அதுவும் ஒரு பொறுப்பு. முத்திரைக்குக் காசு காணாது, அதால முத்திரைக்கு மேல பசை பூசி அனுப்பிறது, தபால் கந்தோர் குத்திற சீல் பசையில தான் விழும், அங்க இருக்கிறவன் கழுவிப்போட்டு அதே முத்திரையில திருப்பி அனுப்புவான். ஐரோப்பா முழுக்க இது நடந்தது. பிறகு மோடம் வந்து பிபிஎஸ் (ரெலிபோனில டயல் பண்ணி ஃபைல் மாத்திற இடம்) வந்தாப்பிறகும் ரெலிபோன் பில்லுக்குப் பயந்து தபாலை விடாத ஆக்கள் கனபேர்.

நோர்வேக்கு இதில பெரிய இடம் இருக்குது, அதைச் சொல்லாமல் விடமாட்டன். புரோட்றாக்கர் இஞ்சத்தை வேலை, அமிகா ஃப்ரீலான்சர்ஸ் எண்ட குழு 1990இல வெளிவிட்டது, லார்ஸ் ஹம்ரே தான் அதில முக்கியமான ஆள். குருசேடர்ஸ் எண்ட குழு யூரோசார்ட் எண்டு ஒரு டிஸ்க் சஞ்சிகை நடத்தினது, ஆர் நல்ல மியூசிசியன், ஆர் நல்ல கோடர் எண்டு வாக்கெடுப்பு வச்சு வரிசை போடுவினம், அந்த வரிசை வாற நாளைப் பாத்துக்கொண்டிருப்பம். அந்தக் குழுவில டொக்டர் ஓசம் எண்ட பேரில போட்டவர் பியோர்ன் லின்ன, பிறகு வேர்ம்ஸ் கேமுக்கு மியூசிக் போட்டது அவர் தான். ஜோகெய்ர் லில்யெடால் போட்ட மெலடியளை நீங்கள் கட்டாயம் கேக்கவேணும், நாலு சனலில ஒரு கிற்றாரை அழ வைக்கிறதுக்கு அவர் பாவிச்ச ஸ்லைட் கொமாண்டுகளை வரி வரியாப் பாருங்கோ.

ஈஸ்டர் லீவுக்கு த கேதரிங் எண்டு பெரிய பார்ட்டி, 1992இல துவங்கினது. 1996இல இருந்து ஹாமரில வைக்கிங் கப்பல் வடிவில கட்டின மண்டபத்தில, லில்லஹாமர் ஒலிம்பிக்கில ஐஸ் ஓட்டப்போட்டி நடந்த அதே இடம். உள்ளுக்க கண்ணுக்கெட்டின தூரம் மேசையும் கொம்பியூட்டரும், கீழ நித்திரைப் பையுக்குள்ள ஆக்கள் படுத்திருப்பினம். மியூசிக் போட்டி எண்டா பாட்டைப் பெரிய ஸ்பீக்கரில போடுவினம், எல்லாரும் கேட்டு வோட் போடுறது. அங்க தான் ஒரு விசயம் விளங்கிச்சுது. அறைக்குள்ள ஹெட்போனில அழகாக் கேட்ட மெல்லிசான பாட்டு அந்த மண்டபத்தில காணாமல் போயிடும், முதல் கொஞ்ச வரிக்குள்ளயே சனத்தைப் பிடிக்கிற பாட்டுத் தான் மேல வரும். இது பாட்டுக்கு நல்லதில்லை எண்டு நான் அப்பவும் நினைச்சனான், இப்பவும் நினைக்கிறன். வோட் விழாத பாட்டுகளுக்குள்ள தான் நான் இண்டைக்கும் திருப்பித் திருப்பிக் கேக்கிற பாட்டு இருக்குது.

சங்கீதம் படிச்சவையா எண்டு கேட்டீங்கள். சிலர் பியானோ படிச்சவை. கனபேர் படிக்கேல்லை, பிறகு படிச்சவை. உங்களுக்குப் பிடிச்ச பர்ப்பிள் மோஷன், யொன்னே வால்டொனன், அவர் பிறகு ஒர்கெஸ்ட்ராவுக்கு எழுதத் துவங்கினார். 2008இல கோல்ன் நகரத்தில டபிள்யூடிஆர் வானொலி ஒர்கெஸ்ட்ரா கிறிஸ் ஹூல்ஸ்பெக்கின்ட கேம் மியூசிக்கை வாசிச்சது, அதுக்கு ஒர்கெஸ்ட்ரா அமைப்பு எழுதினது வால்டொனன். ஹூல்ஸ்பெக் எண்டவர் கொமடோர் 64இல துவங்கின ஜேர்மன்காரர். ரெண்டு பேருமே வீட்டுக் கொம்பியூட்டருக்கு முன்னால வளந்த பெடியள்.

பைட்டெழில் எழுதியது:

அண்ணா எழுதினத ரெண்டு தடவ படிச்சேன், அந்த 037, 047 விஷயம் அட்டகாசம். நான் ரெண்டாவது கேள்விக்கு மட்டும் வரேன், நாலு சேனல்ல எப்படி அடங்குச்சுன்னு.

அமிகால பவுலான்னு ஒரு சிப். அதுல நாலு சேனல், 8 பிட் சாம்பிள், ஒவ்வொரு சேனலுக்கும் பிட்ச்சும் வால்யூமும் தனித்தனியா ஹார்டுவேர்லயே மாத்திக்கலாம். மெமரிலேருந்து சாம்பிள அந்த சிப்பே எடுத்து வாசிச்சுக்கும், சிபியு சும்மா எந்த நோட்டு எப்பன்னு சொன்னா போதும். டெமோவுக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா 7 மெகாஹெர்ட்ஸ் சிபியு மொத்தமும் படம் காட்டுறதுக்கு வேணும், மியூசிக் அதுல ஒரு துளிதான் எடுக்கணும். நாலுல ரெண்டு சேனல் முழுசா இடது பக்கம், ரெண்டு முழுசா வலது பக்கம், நடுவுல வைக்க வழியே கிடையாது.

மெமரி கணக்கு பாருங்க. நடு சுருதில ஒரு நோட்டு வாசிக்க செகண்டுக்கு 8287 சாம்பிள் ஓடும், ஒரு சாம்பிள் ஒரு பைட், அப்ப ஒரு செகண்டு சத்தத்துக்கு 8 கேபி. அமிகா 500ல மொத்தமே 512 கேபி, அதுலதான் படமும் கோடும் பாட்டும் எல்லாம். அதனால பேஸ் நோட்டுன்னா அடி விழுற முதல் துண்ட மட்டும் வச்சுட்டு மிச்சத்த குட்டி லூப்பா சுத்த விடுவாங்க. கார்டு வேணும்னா மூணு நோட்ட சேத்து ஒரே சாம்பிளா ரெக்கார்ட் பண்ணி ஒரே சேனல்ல வாசிப்பாங்க. கிக்கும் பேஸும் ஒரே சேனல்ல இருக்கும், கிக் விழுற வரில பேஸ் கிடையாது, அடுத்த ரெண்டாவது வரில பேஸ் வரும், கேக்குறவங்க காது ரெண்டும் தொடர்ந்து வாசிக்கிற மாதிரி தானா நிரப்பிக்கும்.

நீங்க கேட்ட அந்த எக்கோ, அது எஃபெக்டே இல்லை. மெலடி நோட்டு ஒண்ணு முழு வால்யூம்ல விழுது, முழு வால்யூம்னா ஹெக்ஸ்ல (பதினாறு பதினாறா எண்ணுற முறை) 40, அதாவது 64. மூணு வரி தள்ளி அதே நோட்ட திரும்பவும் 18ல வைக்கிறாங்க. இன்னும் மூணு வரி தள்ளி 0சி. வேற சேனல் காலியா இருந்தா அங்க வைப்பாங்க, காலியா இல்லைன்னா மெலடி மூச்சு விடுற இடைவெளில அதே சேனல்லயே சொருகுவாங்க. இத கையால ஒவ்வொரு வரியா டைப் பண்ணணும். ஒரு பேட்டர்னுக்கு (பாட்டோட ஒரு துண்டு) 64 வரி, ஸ்பீடு 6னு இருந்தா ஒரு வரிக்கு ஆறு டிக், பால் (PAL) முறை ஐரோப்பிய டிவி செகண்டுக்கு 50 தடவ திரைய புதுப்பிக்கும், அதோட ஒவ்வொரு புதுப்பிப்பும் ஒரு டிக். கணக்கு போட்டா ஒரு வரி 120 மில்லிசெகண்ட், நாலு வரி ஒரு பீட், சரியா 125 பிபிஎம். பழைய மோடு பாட்டுல நிறைய 125லயே ஓடுறதுக்கு இதுதான் காரணம், ரசனை எல்லாம் அப்புறம்தான்.

ஆர்பெஜியோவும் இதே டிக்ல ஓடுறதுதான். 037னு போட்டா முதல் டிக்ல மூல நோட்டு, அடுத்த டிக்ல மூணு படி மேல, அதுக்கடுத்து ஏழு படி மேல, திரும்ப முதல்லேருந்து. செகண்டுக்கு 50 தடவ மாறுறதால கார்டு மாதிரியும் கேக்கும், கொஞ்சம் குமிழி விடுற மாதிரியும் கேக்கும். இந்த பழக்கம் அமிகாவுல பொறந்தது இல்லை, கொமடோர் 64லேருந்து வந்தது. 1982ல வந்த, பாப் யானஸ் டிசைன் பண்ண சிட் சிப்ல மூணே மூணு வாய்ஸ், சாம்பிளும் கிடையாது, அதுல கார்டுக்கு வேற வழியே இல்லை. ராப் ஹப்பர்ட் மாதிரி ஆளுங்க அதுக்கு பாட்ட அசெம்பிளி கோடா எழுதினாங்க, அதனால அந்த காலத்துல மியூசிக் போடணும்னா முதல்ல புரோக்ராம் தெரிஞ்சிருக்கணும். அந்த கட்டாயத்த ஒடச்சது எடிட்டர்கள்தான். ஹூல்ஸ்பெக்கோட சவுண்ட்மானிட்டர் 1986ல ஜெர்மன் பத்திரிகை ஒண்ணுல டைப் பண்ணிக்கிற லிஸ்டிங்கா வந்துச்சு, 1987ல கார்ஸ்டன் ஒபார்ஸ்கி அமிகாவுக்கு அல்டிமேட் சவுண்ட்ட்ராக்கர் எழுதினார். மேலேருந்து கீழ ஓடுற நாலு காலம் நீங்க பாத்தீங்களே, அது அவர் வச்ச வடிவம். இன்னைக்கு இருக்குற ரெனாய்ஸ்ங்கற ட்ராக்கர் வரைக்கும் அது மாறலை.

பிசி பக்கம் கதை வேற. சவுண்ட் பிளாஸ்டர்ங்கற சவுண்ட் கார்டுல சாம்பிளுக்கு தனித்தனி ஹார்டுவேர் சேனல் இல்லை, சிபியுவே எல்லாத்தையும் கலந்து குடுக்கணும். 1992ல வந்த கிராவிஸ் அல்ட்ராசவுண்ட்ங்கற சவுண்ட் கார்டு 32 சேனல தானே கலந்துச்சு, அதனாலதான் டெமோசீன் ஆளுங்க, அதாவது டெமோ போடுறவங்க, அது மேல அவ்வளவு பைத்தியமா இருந்தாங்க. அப்புறம் ஸ்க்ரீம் ட்ராக்கர் 3, ஃபாஸ்ட்ட்ராக்கர் 2, இம்பல்ஸ் ட்ராக்கர்னு வரிசையா வந்து சேனல் பஞ்சம் தீந்துருச்சு. 1998ல வந்த அன்ரியல் கேமோட மியூசிக் கூட ட்ராக்கர் மாட்யூல்தான்.

செவிச்செல்வி எழுதியது:

எல்லாம் திறந்து கிடந்துச்சு, அதனால எல்லாரும் கத்துக்கிட்டாங்கங்கறத நானும் ஒத்துக்குறேன், ஆனா அதோட இன்னொரு பக்கத்தையும் இந்த தம்பிக்கு சொல்லணும். வேலைக்காக பழைய கேம் ஆடியோ நிறைய பாக்குறவ நான்.

ஒபார்ஸ்கி சவுண்ட்ட்ராக்கர காசுக்கு விக்கிறதுக்குத்தான் எழுதினார். அது சரியா விக்கலை, ஆனா அதுக்குள்ள புகுந்து பிரிச்சு மேஞ்சு, மாத்தி எழுதி, தங்க பேர் போட்டு வெளிய விட்டவங்க பல பேர். அந்த வரிசைலதான் 15ஆ இருந்த சாம்பிள் 31 ஆச்சு, 1989ல சுவீடன் பசங்க மஹோனி, காக்டஸ் பண்ண நாய்ஸ்ட்ராக்கர் வந்துச்சு, அப்புறம் புரோட்ராக்கர். ஃபைல்ல 1080வது பைட்ல எம், கே-ன்னு ஒரு அடையாளம் இருக்கும், அத வச்சுதான் இன்னைக்கும் பிளேயர் எல்லாம் இது 31 சாம்பிள் மோடுன்னு கண்டுபிடிக்குது. அதாவது ஒரு மொத்த கலையே ஒருத்தரோட உழைப்ப கேக்காம எடுத்துக்கிட்டதுலேருந்து வளந்துச்சு. அதனால அந்த கலை மட்டம்னு நான் சொல்ல வரலை, எனக்கு அதுல ரொம்ப பிடிச்ச பாட்டுங்க இருக்கு. ஆனா ஒபார்ஸ்கி பேர சொல்லாம ட்ராக்கர் கதைய யாரும் சொல்லக்கூடாதுன்னு நினைக்கிறேன். பைட்டெழில் சொன்னதுல சந்தோஷம்.

சாம்பிளும் அப்படித்தான். எஸ்டி-01னு ஆரம்பிக்கிற டிஸ்க்கு எல்லாம் சுத்துச்சு, எல்லாரும் அதே சத்தங்கள வச்சுதான் போட்டாங்க, பல சத்தம் விலை கூடின சிந்தசைசர்லேருந்தும் மத்தவங்க ரெக்கார்டுலேருந்தும் எடுத்தது. அங்க ஒரு எழுதாத சட்டம் இருந்துச்சு, சத்தத்த எடுக்கலாம், மெட்ட எடுக்கக்கூடாது, எடுத்தா ரிப்பர்னு பேர் கெட்டுடும். சின்ன ஊர் மாதிரி எல்லாரும் எல்லாரையும் தெரிஞ்சிருந்ததால அந்த சட்டம் நின்னுச்சு.

வெளி உலகத்துக்கு அந்த சட்டம் தெரியாது. 2000 அசெம்பிளில நாலு சேனல் பாட்டு ஒண்ணு ஜெயிச்சுது, போட்டவர் டெம்பெஸ்ட்னு ஃபின்லாந்துக்காரர், யன்னே சுனி. அத அப்புறம் இன்னொருத்தர் கொமடோர் 64க்கு மாத்திப் போட்டார். சில வருஷம் கழிச்சு ஒரு பெரிய பாப் ஆல்பத்துல அது கேக்குதுன்னு சீன் ஆளுங்க கண்டுபிடிச்சாங்க. கேஸ் போச்சு, ஆனா அமெரிக்காவுல காப்பிரைட் பதிவு பண்ணலைங்கற இடத்துல அது விழுந்துருச்சு, 2012ல அப்பீல்லயும் அதே முடிவு. பாட்ட உலகத்துக்கு சும்மா குடுத்தவனுக்கு கோர்ட்ல நிக்க ஒரு காகிதம் கூட கையில இல்லை. என்னைக் கேட்டா இது அநியாயம். நீங்க இன்னைக்கு மோடு போட்டு வெளிய விடுறீங்கன்னா திறந்தே விடுங்க, ஆனா எந்த லைசென்ஸ்ல விடுறீங்கன்னு அந்த 31 வரில ஒரு வரி எழுதி வைங்க.

இன்னொண்ணு. ஃபின்லாந்து 2020லயும் ஜெர்மனி 2021லயும் டெமோசீன தங்களோட பண்பாட்டு மரபு பட்டியல்ல சேத்துக்கிட்டாங்க. யுனெஸ்கோ உடன்படிக்கைப்படி ஒவ்வொரு நாடும் வச்சிருக்குற தேசிய பட்டியல் அது, உலக பட்டியல் கிடையாது, நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. ஆனாலும் கம்ப்யூட்டர்ல பொறந்த ஒரு கலைய அரசாங்கமே மரபுன்னு ஏத்துக்கிட்டது சாதாரணம் இல்லை.

இரவுமெட்டு எழுதியது:

இவ்வளவு வரும்னு எதிர்பாக்கவே இல்லை, மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. அக்கா சொன்ன ஒபார்ஸ்கி கதை எனக்கு சுத்தமா தெரியாது. எக்கோ விஷயத்த படிச்சதும் உடனே போய் அந்த மோட திறந்து மூணு சேனல் ம்யூட் பண்ணி பாத்தேன், பைட்டெழில் சொன்ன மாதிரியே மெலடி நோட்டுக்கு நடுவுல நடுவுல அதே நோட்டு சின்ன வால்யூம்ல சொருகி வச்சிருக்கு, இத்தன நாள் இது ரிவர்ப்னு நினைச்சு கேட்டுட்டு இருந்தேன்!

இப்ப ரெண்டே விஷயம் கேக்கணும். ஹெட்ஃபோன்ல கேட்டா ஒரு காதுல ட்ரம்ஸ் மட்டும், இன்னொரு காதுல மெலடி மட்டும், தலை வலிக்குது, அப்பவும் இப்படித்தான் கேட்டாங்களா? அப்புறம் வடக்குக்காற்று அண்ணா, நான் ஆரம்பிக்கணும்னா எங்கேருந்து ஆரம்பிக்கட்டும்? எனக்கு தெரிஞ்சதெல்லாம் பெரிய சாம்பிள் பேக் எடுத்து இழுத்துப் போடுறது மட்டும்தான்.

பைட்டெழில் எழுதியது:

ஹெட்ஃபோனுக்கு பதில் சொல்லிடறேன். அப்ப நிறைய பேர் டிவி ஸ்பீக்கர்லயோ மானிட்டர் ஸ்பீக்கர்லயோதான் கேட்டாங்க, ரெண்டு பக்கமும் காத்துல கலந்துரும். ஓப்பன்எம்பிடில ஸ்டீரியோ செப்பரேஷன்னு ஒரு செட்டிங் இருக்கு, அத பாதிக்கும் கீழ குறைச்சு வைங்க, சரியாயிடும். அப்புறம் ஏ500ல பவர் லைட்டோட கட்டின ஒரு ஃபில்டர் உண்டு, ஃபில்டர் ஓடுனா லைட் பளிச்சுன்னு இருக்கும், ஃபில்டர நிறுத்துனா மங்கிடும். ஈ கமாண்ட்ல பாட்டுக்குள்ளேருந்தே அத மாத்தலாம். ஃபில்டர் ஓடுனா மேல் சத்தம் அடங்கி மூடின மாதிரி இருக்கும், அதனால முக்காவாசி பேர் பாட்டு ஆரம்பிக்கிற முதல் வரிலயே அத நிறுத்திடுவாங்க. நீங்க கேக்குற பிளேயர் அமிகா ஃபில்டர போலி பண்ணுதான்னும் ஒரு தடவ பாருங்க, சிலதுல அத ஆன் பண்ணா சத்தம் ரொம்ப வித்தியாசமா இருக்கும்.

வடக்குக்காற்று எழுதியது:

செல்வி சொன்னது சரி. ஒபார்ஸ்கியின்ட பேரை நான் தான் முதல் சொல்லியிருக்கவேண்டிய ஆள், அவர் இல்லாட்டி எங்களுக்கு ஒண்டும் இல்லை.

தம்பி, ஓப்பன்எம்பிடியில புது மோடு ஃபைல் ஒண்டு திறவுங்கோ, எக்ஸ்எம், ஐடி எண்ட பிந்தி வந்த ஃபைல் வகையள் எல்லாம் பிறகு பாக்கலாம். நாலு சனல், கூட்டக்கூடாது. சாம்பிள் பேக்கை மூடி வையுங்கோ. வீட்டில கையில கிடைக்கிற சாமானைத் தட்டி ஃபோனில றெக்கோர்ட் பண்ணுங்கோ, அதை 8 பிட்டுக்கு மாத்தி, முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வெறுமையை வெட்டி எறியுங்கோ. ஒரு பேஸ், ஒரு கிக், ஒரு சினேர், ஒரு மெலடி சத்தம், தொடக்கத்துக்கு இது காணும். மெலடிக்கு சாம்பிளே தேடவேண்டாம், சாம்பிள் எடிட்டரில 32 பைட்டுக்கு ஒரு சதுர அலை கீறி லூப் போடுங்கோ, அது உடன பாடத் துவங்கும். சிப்டியூன் எண்டு சொல்லுறது அதைத் தான், 4-மேட் எண்ட இங்கிலாந்துக்காரன் அமிகாவில இந்த வகையைப் பிரபலப்படுத்தின ஆள். கிராக் பண்ணின, எண்டா கொப்பித் தடையை உடைச்ச கேமோட டிஸ்கில மிஞ்சி இருக்கிற கொஞ்ச இடத்துக்குள்ள அறிமுகப் படமும் பாட்டும் போகவேணும், அதால தான் இவ்வளவு சின்னனாச் செய்யப் பழகினவை.

கொமாண்ட் எல்லாத்தையும் மனப்பாடம் செய்யவேண்டாம். 0 ஆர்பெஜியோ, 3 ஒரு நோட்டில இருந்து அடுத்த நோட்டுக்கு வழுக்கிறது, 4 விப்ராட்டோ (சுரத்தை நடுங்க வைக்கிறது), சி வால்யூம், இந்த நாலோட கன தூரம் போகலாம். 9 கொமாண்ட் சாம்பிளை நடுவில இருந்து துவக்கும், ஒரு ட்றம்ஸ் லூப்பை அதால துண்டு துண்டா மாத்தி வாசிக்கலாம், அது ரெண்டாவது பாட்டுக்கு. வழுக்கிற கொமாண்டைப் போடேக்க அடுத்த வரியிலயும் அதைத் தொடர்ந்து போடவேணும், இல்லாட்டி பாதி வழியில நிண்டிடும், உங்கட காதே அதைச் சொல்லும்.

ஒரு பாட்டைப் பிரிச்சுப் பாக்கேக்க அதே நேரம் ஒரு வெறும் பற்றர்னும் திறந்து வச்சு, கேட்டதைப் பாக்காமல் திருப்பி எழுதிப் பாருங்கோ. எங்க பிழைக்குது எண்டு ஒப்பிட்டா அங்க தான் அந்த மியூசிசியன்ர கை இருக்கும். லில்யெடாலின்ட விப்ராட்டோ நோட் துவங்கினவுடன வராது, கொஞ்ச வரி பொறுத்துத் தான் வரும், பாடுற ஆக்கள் செய்யிற மாதிரி. இப்பிடிப்பட்ட விசயம் ஒருத்தர் வாயால சொல்லி விளங்காது, வரியில பாத்தாத் தான் விளங்கும். இண்டைக்குக் கத்துக்கொண்டா என்ன கிடைக்கும் எண்டு கேட்டீங்களே, எனக்குத் தெரிஞ்ச பதில் இது தான்: எஃப்எல் ஸ்டுடியோவுக்குத் திரும்பிப் போனாலும் ஒவ்வொரு நோட்டையும் ஏன் வச்சனான் எண்டு கேட்டுத்தான் வைப்பீங்கள்.

முடிச்சாப்பிறகு எம்பி3 ஆக்கவேண்டாம். மோடு ஃபைலையே இஞ்ச போடுங்கோ, நாங்கள் திறந்து பாக்கிறம்.